ரோபோவா என்று கேட்டான், இல்லை என்றேன்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவிடமிருந்து போன். "கண்ணு, கொஞ்சம் கிளம்பி வா. கம்ப்யூட்டருக்குள்ள இருந்து ஒரு பொம்பளை உங்கப்பாவை இங்கிலீஷ்ல திட்டிக்கிட்டே இருக்கா, இவரும் வாயைத் திறக்காம உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருக்காரு." அஸ்தம்பட்டியில் வண்டியை எடுத்து அம்மாபேட்டை போய்ச் சேர்வதற்குள் இன்னும் மூன்று போன்.

போய்ப் பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு, நடுவில் ஒரு பூட்டு, அதன் கீழ் ஒரு போன் நம்பர். கணினியில் வைரஸ், அணைத்தால் எல்லாம் போய்விடும், உடனே கூப்பிடுங்கள் என்று ஸ்பீக்கரில் அந்த அம்மணி மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். மானிட்டர் நெற்றியில் ஒரு விபூதிக் கீற்று, அது அம்மாவின் வைத்தியம். "ஆஃப் பண்ணக் கூடாதுன்னு சொல்றாங்கடா" என்றார் அப்பா. ஏழு மணியிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லையாம். சமையலறையிலிருந்து அம்மா: "நாப்பது வருஷமா நான் சொன்னதுல ஒண்ணைக் கேட்டிருப்பாரா? எவளோ சொன்னா மட்டும் எந்திரிக்கவே மாட்டேங்கிறாரு."

எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த நம்பர்தான். கூப்பிட்டால் நமக்கு உதவுகிற மாதிரியே பேசி நம் கம்ப்யூட்டரை அங்கிருந்தே இயக்குகிற ஒரு ரிமோட் ஆப்பை ஏற்றச் சொல்வார்கள், அப்புறம் பேங்க் அக்கவுண்ட் காலி, அப்புறம் நாம் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் போட்டுப் புலம்ப வேண்டியதுதான். "பேசிட்டீங்களாப்பா?" என்றேன். "வெளிநாட்டு நம்பர் மாதிரி இருந்துச்சு. நிமிஷத்துக்கு எவ்வளவு புடிப்பானோ, உன்னைக் கேட்டுக்கலாம்னு விட்டுட்டேன்." ஆன்டிவைரஸ் காப்பாற்றாத கம்ப்யூட்டரை அப்பாவின் சிக்கனம் காப்பாற்றியிருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கையில் போன் நம்பரே போடாது, இது வெறும் வெப் பேஜ்தான் என்று சொல்லிக்கொண்டே எஸ்கேப் கீயை அழுத்தினேன், அது உள்ளேயே போகவில்லை. அடியில் தட்டு வடைத் துணுக்கு. (தட்டு வடை செட்டை கீபோர்டுக்கு மேல் வைத்துச் சாப்பிடுகிற வீடு, பீட்ரூட் துருவல்கூடக் கிடைத்தது.) சரி என்று கன்ட்ரோல், ஆல்ட், டெலீட்டை அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் குரோமை முடித்துவைத்தேன். அம்மணி பாதி வார்த்தையில் நின்றார். திரும்ப குரோமைத் திறந்ததும், மூடிய பக்கங்களை மீட்கவா என்று ஓரத்தில் கேட்டது. நான் வாயெடுப்பதற்குள் அப்பா மவுஸை வாங்கி மீட்டுவிட்டார். மறுபடியும் சிவப்பு, மறுபடியும் அம்மணி.

இரண்டாவது தடவை மவுஸை என் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

எங்கப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கரண்ட் மீட்டர் ரீடிங் எடுக்க வருபவரிடம்கூட யாரு, எந்த ஊரு, யார் அனுப்பினாங்க என்று மூன்று கேள்வி கேட்காமல் கேட்டைத் திறக்காதவர். அவருடைய குரோமில், திரையில் அறிவிப்பு காட்ட நோட்டிஃபிகேஷன் அனுமதி வாங்கிய தளங்கள் 41. "இத்தனை பேரை எதுக்குப்பா உள்ள விட்டீங்க?" "நான் எங்கடா விட்டேன்? ரோபோவான்னு கேட்டான், இல்லைன்னா அலவ் அமுக்குன்னான். அமுக்கினேன். பொய்யா சொல்லச் சொல்றே?"

ரோபோ இல்லை என்பதற்கும் அலவ் பட்டனுக்கும் சம்பந்தமே கிடையாது என்று விளக்கிப் பார்த்தேன், எடுபடவில்லை. 41 பேரையும் வெளியே அனுப்பினேன். குரோமில் ஒட்டிக்கொண்டு தேடுபொறியையே மாற்றி வைத்திருந்த ஒரு எக்ஸ்டென்ஷனைத் தூக்கினேன். அப்புறம் இன்ஸ்டால் ஆன தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால், ஒரே சாயங்காலம் நான்கு உருப்படி ஏறியிருக்கிறது: வேகம் கூட்டுகிற ஒன்று, டிரைவர் அப்டேட்டர் ஒன்று, கூப்பன் ஒன்று, பேர் தெரியாத ஆன்டிவைரஸ் ஒன்று. பஞ்சாங்கம் பிடிஎஃப் தேடப் போனாராம், பெரிய பச்சை டவுன்லோடு பட்டனை அமுக்கினாராம். அந்தப் பட்டன் விளம்பரம். உண்மையான லிங்க் கீழே பொடி எழுத்தில் இருந்திருக்கும், அது எந்தக் காலத்தில் அவர் கண்ணாடிக்குத் தெரிந்தது?

வேறு ஆன்டிவைரஸ் வந்தால் விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் நகர்ந்து இடம் விட்டுவிடும். இவனைத் துரத்தியதும் அது எழுந்துகொண்டது. ஆஃப்லைன் ஸ்கேன் போட்டேன். கம்ப்யூட்டர் தானாக அணைந்து திரும்ப எழுந்து, விண்டோஸுக்குள் போகாமலே கால் மணி நேரம் தேடியது. அதற்குள் அம்மா விபூதியைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒன்று இட்டார். டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்த ஒரு செட்டப் ஃபைல் சிக்கியது. வேலை செய்தது டிஃபெண்டரா விபூதியா என்று இன்றுவரை வீட்டில் தீர்ப்பாகவில்லை.

கடைசியாக, அப்பாவுக்கு அட்மின் அதிகாரம் இல்லாத தனி அக்கவுண்ட் போட்டேன். பெரும்பாலும் எதை இன்ஸ்டால் செய்தாலும் பாஸ்வேர்ட் கேட்கும், பாஸ்வேர்ட் அம்மாவிடம். விண்டோஸ் அப்டேட் தானாகவே வந்துவிடும், அதற்கென்று யாராவது பாஸ்வேர்ட் கேட்டால் சந்தேகப்படு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று அப்பா போன். "ஒரு அப்டேட் போடணும்டா, உங்கம்மா பாஸ்வேர்ட் குடுக்க மாட்டேங்கிறா." பின்னால் அம்மாவின் குரல் கேட்டது: "யாரு அவன்? எந்த ஊரு? யார் அனுப்பினாங்க?"