வெள்ளிக்கிழமை ஜெபக் குறிப்புகள்

மே 9, 2025, வெள்ளி. கிருஷ்ணகிரி

நேற்று ப்ளஸ் டூ முடிவு வந்தது. இன்றைய உபவாச ஜெபத்தில் பாதி நேரம் அதற்கே போனது. மகள் நல்ல மார்க் வாங்கிய ஓர் அம்மா எழுந்து சாட்சி சொன்னார். "விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து ஜெபிச்சோம். ஜெபிக்கிற பிள்ளைங்களை ஆண்டவர் கைவிடமாட்டார்." அதே பாயில் இரண்டு பேர் தள்ளி, மகன் கணக்கில் தவறிய அம்மா உட்கார்ந்திருந்தார். அவரும் நாலு மணிக்கு எழுகிறவர்தான். எங்கள் தெருவில் அவர் வீட்டு விளக்குதான் முதலில் எரியும்.

அதைவிட மோசமானது அப்புறம் வந்தது. நீண்ட ஜெபத்துக்குப் பேர்போன அக்கா ஒருவர் கண்ணை மூடி, "ஆண்டவரே, கடைசி வரிசையில இருக்கிற சகோதரியோட மகள் யாரோட போனாள்னு நீர் அறிவீர்" என்று ஆரம்பித்தார். அவர் அறிவார், சரி. அறியாமல் இருந்தது நாங்கள்தான். ஆமென் சொல்வதற்குள் பாதிப் பேர் கண்ணைத் திறந்து பின்னால் பார்த்துவிட்டார்கள். காவேரிப்பட்டணம் போகிற மதியப் பேருந்தில் செய்தியும் ஏறியிருக்கும்.

உறையின் மேல் ஆண்டவர் பெயர், உள்ளே ஊருக்கு எழுதிய கடிதம். இந்த வகை ஜெபத்தை என்னால் சகிக்க முடிவதில்லை.

மே 11, ஞாயிறு

மதியம் லூக்கா 18-ஐ மறுபடி எடுத்துப் படித்தேன், பக்திமானான பரிசேயனும் வரி வசூலிக்கிற ஆயக்காரனும் ஆலயத்தில் ஜெபிக்கப் போன உவமை. அந்தப் பரிசேயன் பொய் சொல்வதாக எங்கும் இல்லை. வாரத்தில் இரண்டு தரம் உபவாசிக்கிறான், சம்பாத்தியத்தில் தசமபாகம் கொடுக்கிறான். (நாங்கள் வாரத்துக்கு ஒரு நாள்தான், அதிலும் பதினொரு மணிக்கு டீ உண்டு.) ஆரம்பிப்பதும் ஸ்தோத்திரத்தோடுதான். "இந்த ஆயக்காரனைப்போலவும்" என்று தூரத்தில் நிற்கிறவனைக் கை காட்டும் இடத்தில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது. ஆயக்காரனுடைய ஜெபத்தைப் பாருங்கள், அதில் பரிசேயன் வரவே இல்லை. "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." அவ்வளவுதான்.

மே 14, புதன்

நாத்தனார் வந்திருந்தாள். அவளைக் கட்டிக்கொடுத்தது எலத்தகிரியில், கத்தோலிக்கர் நிறைந்த ஊர். சாயங்காலம் ஜெபமாலையோடு உட்கார்ந்தாள். அவள் போன பிறகு பக்கத்து வீட்டு அக்கா, "சொன்னதையே சொல்றது வீண்வார்த்தை அலப்புறதுதானே? மத்தேயு ஆறுல போட்டிருக்கே" என்றார். பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே மூன்றாம் தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு 26 சொல்கிறது. 136-ஆம் சங்கீதத்தில் 26 வசனம், ஒவ்வொன்றிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது". நம் கூட்டத்தில் மூச்சுவிடாமல் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" சொல்வதை எதில் சேர்ப்பது என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

அதிக வசனிப்பினால் கேட்கப்படும் என்று நினைப்பதைத்தான் அந்த வசனம் கண்டிக்கிறது. எண்ணிக்கை காட்டி ஆண்டவரை வளைக்கப் பார்ப்பது ஜெபமாலையிலும் நடக்கலாம், எங்கள் முழு இரவு ஜெபத்திலும் நடக்கலாம்.

மே 16, வெள்ளி

ஜெபக் குறிப்புப் பெட்டியைத் திறந்து சீட்டுகளைப் படிப்பது என் வேலை. வழக்கமானவைதான். சர்க்கரை, மூட்டுவலி, ஓசூரில் வேலை, பெண்ணுக்கு வரன். நடுவில் ஒன்று: "எங்க வரப்பை வெட்டினவன் போர் வத்திப்போகணும். அவன் கை விளங்காமல் போகணும்." பெயர் இல்லை, ஆனால் கையெழுத்து தெரியும். மடித்து வைத்துக்கொண்டேன். கூட்டம் முடிந்ததும் அவரே வந்தார்.

"என் சீட்டை மட்டும் ஏன் படிக்கல?"

"படிக்கிற மாதிரி இல்லையே அக்கா."

"ஏன், தாவீது கேக்கலையா? 'அவன் பிள்ளைகள் திக்கற்றவர்களும், அவன் மனைவி விதவையுமாகக்கடவர்கள்'னு சங்கீதத்துலயே இருக்கு."

இருக்கிறது, 109-ஆம் சங்கீதம். மழுப்ப முடியாது. தங்களை ஏற்றுக்கொள்ளாத சமாரியக் கிராமத்தின்மேல் அக்கினி இறங்கட்டுமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டார்கள், இயேசு அவர்களை அதட்டினார். அதுவும் இருக்கிறது.

"நீங்க தனியா ஆண்டவர்கிட்ட சொல்லுங்க அக்கா. திட்டிக்கூடச் சொல்லுங்க. கேட்டுட்டு என்ன செய்யணுமோ அவர் செய்வார். எங்க எல்லாரையும் அதுக்கு ஆமென் சொல்ல வைக்காதீங்க. உங்க பங்காளி பொண்டாட்டியும் நம்ம சபைதானே, நாளைக்கு அவங்களும் ஒரு சீட்டு போட்டா?"

பதில் பேசாமல் சீட்டை வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார். தனியாகச் சொன்னாரா, தெரியாது.

மே 23, வெள்ளி

பிள்ளையைப் பறிகொடுத்த அந்தச் சின்னப் பெண் முதல்முறையாகக் கூட்டத்துக்கு வந்தாள். எல்லாரும் பாடிக்கொண்டிருக்கையில், "உமக்குக் கண் இல்லையா" என்று கத்திவிட்டாள். பெரியவர்கள் இருவர் வாயைப் பொத்தாத குறையாக அடக்கினார்கள். அப்படிப் பேசக்கூடாதாம். எனக்கு அது துளியும் சம்மதமில்லை. பிள்ளை இல்லாத அன்னாள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அழுதபோது, குடித்திருக்கிறாள் என்றுதான் ஏலி நினைத்தார், ஆசாரியனாக இருந்தும். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாகவேண்டும் என்று கேட்டபோது அவருக்குக் கிடைத்தது கண்டனம் இல்லை, தூக்கமும் சுட்ட அடையும் தண்ணீரும். நாங்கள் அந்தப் பெண்ணுக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்தோமா? வசனம் கொடுத்தோம்.

ஜூன் 11, புதன்

தோத்தாபுரி மாங்காய்க்கு விலையே இல்லை. மாங்கூழ் ஆலை வாசலில் வண்டிகள் காத்துக் கிடக்கின்றன. தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் உறவினர் ஒருவர் வீட்டுக்கு வந்து, விலை ஏற பாரத்தோடு ஜெபிக்கச் சொன்னார். கேட்கவேண்டிய ஜெபம்தான். கடன் வாங்கிப் போட்ட பணம். ஆனால் காய் பறித்த ஆட்களுக்குப் போன மாதத்திலிருந்து கூலி பாக்கி என்பது ஊருக்கே தெரியும். "தகாதவிதமாய் விண்ணப்பம்பண்ணுகிறபடியினால்" கிடைக்கவில்லை என்று சொன்ன, நிருபம் எழுதிய யாக்கோபு, அடுத்த அதிகாரத்திலேயே, பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார். அதைச் சொன்னேன். "விலை வந்தா கொடுத்துடுவேன் இல்ல" என்றார். நான் ஜெபித்தேன், அவர் எதிரிலேயே, கூலிக்காரர்களுக்கும் சேர்த்து. முகம் கொஞ்சம் சுருங்கியது.

ஜூன் 13, வெள்ளி

மே மாதத்துச் சங்கதி ஆயரம்மா காதுக்குப் போயிருக்கிறது. இனிமேல் கூட்டு ஜெபத்தில், அவரவர் சம்மதம் இல்லாமல் யார் பெயரும் வரக்கூடாது, அடையாளமும் சொல்லக்கூடாது என்றார். உடனே நீண்ட ஜெபக்கார அக்கா, "பேரைச் சொல்லலேன்னா ஆண்டவருக்கு எப்படித் தெரியும்?" என்றார். ஆயரம்மா மத்தேயு 6:8-ஐப் படித்துக் காட்டினார், வேண்டிக்கொள்வதற்கு முன்னமே அவர் அறிந்திருக்கிறார் என்று. "அது அவருக்குச் சரி. யாருக்காக அழறோம்னு நமக்குத் தெரியவேண்டாமா?" என்றார் அக்கா. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அடுத்த வாரம் பேசலாம் என்று விட்டிருக்கிறோம்.