எதுவுமே தோண மாட்டேங்குது

என் டீமில் வேலை செய்யும் ஒருவர் சொன்னது இவ்வளவுதான்: "எதுவுமே தோண மாட்டேங்குது சார்."

நான் சொன்ன பதில் அதைவிட நீளம். "போன காலாண்டு ரிப்போர்ட் ஷேர்டு ஃபோல்டர்ல இருக்கு, அதையே எடுத்து மாத்திக்கோங்க. முடிச்சதும் ரெண்டு நாள் லீவு போட்டுட்டு நல்லாத் தூங்குங்க." சொல்லிக்கொண்டே லீவு காலண்டரைத் திறந்து வியாழனும் வெள்ளியும் காலியாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருந்தன. "சரி சார்" என்று எழுந்து போனார். மொத்தம் நான்கு நிமிடம் இருக்கும்.

ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தவர் தோணவில்லை என்றால், யோசனை வரவில்லை என்றுதானே பொருள்? அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். சாப்பிடத் தோணாமல், யாரோடும் பேசத் தோணாமல், ஓடி வரும் பிள்ளையைத் தூக்கக்கூடத் தோணாமல் ஒருவர் இருக்க முடியும் என்பது எனக்குத் தோணவில்லை.

இரண்டு நாள் லீவு ஏழு வாரம் ஆனது. டிப்ரஷன் என்று டாக்டர் சொன்னதை அவரே போனில் சொன்னார். மருந்து வேலை செய்யவே சில வாரங்கள் ஆகுமாம், அதுவரை பொறுக்க வேண்டுமாம். நான் "உடம்பைப் பார்த்துக்கோங்க" என்றேன். உடம்பை.

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். பிஹெச்க்யூ-9 என்று ஒரு படிவம் இருக்கிறது. மனச்சோர்வு இருக்கக்கூடுமா என்று முதற்கட்டமாகப் பார்ப்பதற்கான ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் குறிக்க வேண்டும். முதல் கேள்வி, சோகமாக இருக்கிறீர்களா, அழுகிறீர்களா என்பதில்லை. எதையும் செய்வதில் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைந்திருக்கிறதா என்பதுதான். அதைப் படித்ததும் கொஞ்ச நேரம் மேலே படிக்கவில்லை. ஒன்பது கேள்விகளில் முதலாவதன் பதிலை அவர் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்காமலே சொல்லியிருக்கிறார். நான் ஃபோல்டரைக் காட்டினேன்.

மூன்றாவது கேள்வி தூக்கம் பற்றியது. அந்த மாதம் முழுக்க அவரிடமிருந்து அதிகாலை நான்கு மணிக்கு மெயில் வரும். விடியும் முன்பே விழிப்புத் தட்டிப்போய் மறுபடி தூக்கம் பிடிக்காமல் கிடப்பது மனச்சோர்வில் அடிக்கடி காணப்படுவது என்று இப்போது தெரியும். அன்று டீம் மீட்டிங்கில் அதைக் காட்டி அவரைப் பாராட்டினேன்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. உடன் வேலை செய்பவருக்கு நோயின் பெயரைச் சூட்டுவது மேலாளரின் வேலையும் இல்லை. அவர் வேலையில் ஒரு பிழை கிடையாது, ஒரு நாள் தாமதம் கிடையாது. தவிர, அந்த வியாழக்கிழமைதான் அவர் மனைவி அவரை டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறார். நான் லீவு கொடுக்காவிட்டால்? இந்த வாதத்தை எத்தனையோ தடவை எனக்குள் நடத்தி ஜெயித்திருக்கிறேன். ஜெயித்த பிறகும் அந்த நான்கு நிமிடம் திரும்ப ஓடுகிறது. பெயர் சூட்டத்தான் வேண்டாம். "எதுவுமேன்னா என்ன?" என்று கேட்டிருக்கலாம். அதற்குப் படிப்பு தேவையில்லை.

பாதிப் பழியை மொழியின் மேல் போடலாமா என்றும் யோசித்ததுண்டு. ஸ்ட்ரெஸ்ஸுக்கும் மன அழுத்தம் என்கிறோம், டிப்ரஷனுக்கும் மன அழுத்தம் என்றே பலர் எழுதுகிறார்கள். ஒன்று, பாரம் இறங்கினால் பெரும்பாலும் குறைவது. இன்னொன்று, பாரத்தை இறக்கி வைத்த பிறகும் கூடவே இருக்கக்கூடியது. பர்ன்-அவுட் வேறு. அதை உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11 என்ற தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் பணி சார்ந்த ஒரு நிலையாகச் சேர்த்திருக்கிறது, நோயாக அல்ல. சமாளிக்கப்படாமல் நீடிக்கும் பணி அழுத்தத்தின் விளைவு அது: சோர்வு, வேலையின் மேல் வெறுப்பு, நம்மால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம். மூன்றையும் ஒரே டப்பாவில் போட்டு 'ரெண்டு நாள் லீவு' என்று லேபிள் ஒட்டியது மொழி அல்ல, நான்தான்.

இதெல்லாம் தெரிந்துகொண்ட பிறகாவது ஒழுங்காக நடந்துகொண்டேனா என்றால், அதுவும் இல்லை. ஒரு வருடம் கழித்து இன்னொரு சக ஊழியர் எதற்கெடுத்தாலும் எரிந்து விழ ஆரம்பித்தார். முன்போல் யாரோடும் பேசுவதில்லை. இந்தத் தடவை விடக்கூடாது என்று தனி அறைக்குக் கூப்பிட்டேன். தூக்கம் எப்படி, பசி எடுக்கிறதா, மனது எப்படி இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டேன். கவுன்சிலிங் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதியே வைத்திருந்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், "சார், என் மனசுக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு பேர் வேலையை நாலு மாசமா ஒருத்தியாப் பார்க்கிறேன். ஆள் போடுங்க" என்றார். சீட்டை எடுத்துக்கொள்ளாமல் போனார்.

ஆள் போட மேலும் மூன்று மாதம் ஆனது. நம்பர் எழுத அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. மனநலத்தைப் பற்றி நான்கு பக்கம் படித்தவனுக்கு மனநலம் மட்டும்தான் தெரிகிறது போல. பட்ஜெட் தெரிவதில்லை. முதலாமவரிடம் நோயைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். இவரிடம் நியாயமான கோபத்தை நோயாகப் பார்த்தேன். எந்தத் தவறு பெரியது என்று கேட்டால் முதலாவது என்றுதான் சொல்வேன். ஆனால் இரண்டாவதில்தான் எனக்கு வசதி அதிகமாக இருந்தது, அது உறுத்துகிறது.

முதலாமவர் திரும்பி வந்து வெகுநாள் கழித்து, ஒரு மாலை மற்றவர்கள் கிளம்பிய பிறகு, கேட்டேவிட்டேன். "அன்னிக்கு நான் சொன்னதைத் தப்பா எடுத்துக்கிட்டீங்களா?"

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றார். நிஜமாகவே யோசித்தார். "அந்த மாசம் யார் என்ன சொன்னாங்கன்னே சரியா ஞாபகம் இல்ல சார். நீங்க காலண்டரைத் திறந்து பார்த்துக்கிட்டே இருந்தீங்க. அது ஞாபகம் இருக்கு."

குரலில் குறையும் இல்லை, நன்றியும் இல்லை. பையை மாட்டிக்கொண்டு, "வரேன் சார்" என்றார்.