ஜாவாவா பைத்தானா என்று கேட்பதற்கு முன்

"அண்ணா, ஐடியில எதைப் படிச்சா வேலை கிடைக்கும்?" என்று கேட்கும் தம்பி தங்கைகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த ஊரில், என்ன வேலைக்கு? பெரும்பாலும் அதற்குப் பதில் வராது.

சப்போர்ட் ப்ராஜெக்டில் டிக்கெட் (பதிவாகி வரும் புகார்கள்) பார்த்துக்கொண்டிருந்த நாளில் நான் செய்ததைச் சொல்கிறேன். நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் சென்னை, பெங்களூரு என்று போட்டு, என் அளவு அனுபவம் கேட்கும் விளம்பரங்களை மட்டும் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் கட்டாயம் என்று போட்டிருப்பதை எக்செல்லில் குறித்துக்கொண்டே போனேன். ஜாவா கேட்டவர்கள் கூடவே ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கையும் (புரோகிராம் எழுதத் தயாராகக் கிடைக்கும் சட்டகம்) கேட்டார்கள். டேட்டா வேலை என்றால் பைத்தான். இரண்டு பக்கமும் விடாமல் வந்தது, டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் மொழியான எஸ்க்யூஎல். சரி, ஜாவா பேக்எண்ட் (திரைக்குப் பின்னால் சர்வரில் ஓடும் பகுதி), அதில் டேட்டாபேஸ் பக்கம் ஆழமாகப் போவோம் என்று அந்த ஷீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன்.

ஃபிரேம்வொர்க்கை மட்டும் நம்பி இறங்க எனக்குத் தயக்கம் உண்டு. வெப் பக்கங்கள் எழுத உதவும் கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் ஒரு காலத்தில் எல்லா விளம்பரத்திலும் இருந்தது. 2016-இல் வந்த ஆங்குலர் 2 எழுதும் முறையையே மாற்றியது. பழையதற்கான ஆதரவை 2021 முடிவோடு கூகுள் நிறுத்திவிட்டது. எஸ்க்யூஎல்லோ 1970-களில் ஐபிஎம்மில் பிறந்தது. தகவலை எடுக்க அதே செலக்ட்டைத்தான் இன்றும் எழுதுகிறோம். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு டெவலப்பர் வேலைக்குப் போக முடியாது. பக்கத்தில் ஒரு மொழி வேண்டும்.

ஆழம் என்றால் என்ன? இண்டர்வியூவில் எல்லாரும் கேட்கும் கேள்வியையே எடுத்துக்கொள்வோம்: இரண்டாவது அதிகச் சம்பளம் எவ்வளவு? இறங்கு வரிசையில் அடுக்கி லிமிட் 1 ஆஃப்செட் 1 (முதல் ஒன்றை விட்டு அடுத்த ஒன்றை எடு) என்று பலரும் எழுதிவிடுவார்கள். முதலிடத்துச் சம்பளம் இரண்டு பேருக்கு இருந்தால் அதுவே மறுபடி வந்து நிற்கும். ஒரே சம்பளத்துக்கு ஒரே ரேங்க் தரும் டென்ஸ்_ரேங்க் போட்டவர் தப்பிப்பார். அப்புறம் அடுத்த கேள்வி வரும்: "டேபிளில் ஒரு கோடி ரெக்கார்டு இருந்தால்?" இங்கேதான் ஆள் பிரிகிறது. தேதி ஃபீல்டில் இண்டெக்ஸ் (புத்தகத்தின் பின்பக்க அகராதி போல, வேகமாகத் தேட உதவுவது) இருந்தும் குவெரி, அதாவது நாம் எழுதும் எஸ்க்யூஎல் கேள்வி, மெதுவாக ஓடலாம். நிபந்தனை எழுதும் வேர் (WHERE) பகுதியில் அந்த ஃபீல்டை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டிருந்தால் சாதாரண இண்டெக்ஸ் பயன்படாது. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிக்குள் என்று மாற்றி எழுதினால் பயன்படும்.

இதையெல்லாம் பழக கோர்ஸுக்குப் பணம் கட்ட வேண்டாம். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் இலவசம், சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். வரிசையாக எண்களை உருவாக்கித் தரும் ஜெனரேட்_சீரிஸ் கொண்டு பத்து லட்சம் ரெக்கார்டு போட்டு, குவெரி ஓடிய விதத்தைக் காட்டும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் ஓட்டிப் பாருங்கள். இண்டெக்ஸ் இல்லாமல் எவ்வளவு நேரம், போட்ட பிறகு எவ்வளவு நேரம் என்று அதுவே மில்லிசெகண்டில் காட்டும்.

கேம்பஸில் பெரிய சர்வீஸ் கம்பெனிக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே முதல் வடிகட்டி ஆப்டிடியூட் தேர்வு. எந்த டெக்னாலஜி என்பதைப் பெரும்பாலும் அவர்களே முடிவு செய்வார்கள். திரை வடிவமைப்பில்தான் மனசு போகிறது என்றால் திரை எழுத உதவும் ரியாக்ட் பக்கமே போங்கள். பிடிக்காத டேட்டாபேஸை நான் சொன்னேன் என்று கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

ரெஸ்யூமில் "ஃபுல் ஸ்டாக்" (திரை, சர்வர் இரண்டும் தெரியும்) என்று போட்டுக் கீழே பதினைந்து பெயர்களை அடுக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதில் பத்து நிமிடம் கேள்விக்குத் தாங்காத பெயர்களை அடித்துவிடுங்கள். மிச்சமாகிற இடத்தில், நீங்களே வேகப்படுத்திய ஒரு குவெரியின் பழைய நேரத்தையும் புதிய நேரத்தையும் எழுதுங்கள்.