திரையைத் திருப்பிக் காட்டும் மேசை

ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களை நூலக உதவி மேசையில் திடுக்கிட வைப்பது ஒரு சின்ன விடயம்: அலுவலர் தன் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிவிடுவார். ஊரில் அரசாங்கக் கச்சேரியிலும் வங்கியிலும் கொப்பி எங்கள் பக்கம் திரும்புவது கையெழுத்துப் போட மட்டும்தான். அதற்குமேல் எட்டிப் பார்த்தால் முறைப்பு விழும்.

சில மேசைகளில் அசையும் தாங்கியில் பூட்டிய ஒரே திரை. சிலவற்றில் வாசகரைப் பார்த்தபடி இரண்டாவது திரை. முதல் வகையில் முன்னவரின் கணக்கை மூடாமல் திருப்பினால் அவர் இரவல் எடுத்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். இரண்டாவதை, இரண்டு திரையிலும் ஒன்றே தெரியும் 'டூப்ளிகேட்' முறையில் விட்டால் அலுவலரின் மின்னஞ்சலும் தெரியக்கூடும். திரைகளின் அளவு வேறென்றால் எழுத்தும் மங்கும். விண்டோஸ் விசையோடு 'பி' அழுத்தி, இரண்டிலும் வேறு வேறு காட்டும் 'எக்ஸ்டெண்ட்' முறைக்கு மாற்றி, விண்டோஸ், ஷிஃப்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தி உலாவியை மட்டும் அந்தப் பக்கம் தள்ளுவதே நல்லது. கண்ணாடியை மறந்து வந்த பெரியவருக்கு எழுத்தைப் பெரிதாக்க கொன்ட்ரோலும் பிளஸும் போதும்.

இந்தத் திரையால் ஆகப் பெரிய லாபம் எங்களுக்குத்தான். வட அமெரிக்க நூலகங்கள் தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் பதிவது, அமெரிக்க நூலகச் சங்கமும் காங்கிரஸ் நூலகமும் வகுத்த முறையில். அங்கே 'ச'வுக்கு 'எஸ்' கிடையாது, 'சி'தான். 'ழ'வுக்கு 'இசட்-எச்' கிடையாது, அடியில் கோடு போட்ட 'எல்'. நாங்கள் 'சமையல்' என்போம், அலுவலர் காதில் விழுந்தபடி 'எஸ்'ஸில் தொடங்குவார், பட்டியல் கையை விரிக்கும். நாலடி தள்ளி அலுமாரியில் சமையல் புத்தகங்கள் வரிசையாக நிற்கும்! திரை உங்கள் பக்கம் இருந்தால் அந்த இடத்திலேயே பிடித்துவிடலாம். சோழர் வரலாறு வேண்டுமா? 'சி-ஓ-எல்-ஏ-ஆர்' என்று அடிக்கச் சொல்லுங்கள். கோடு, புள்ளியெல்லாம் பெரும்பாலும் தேவைப்படாது. ஒரு புத்தகம் அகப்பட்டதும் அதன் பதிவிலுள்ள பொருள் தலைப்பைச் சொடுக்கினால் அதே இனத்தவை வந்து குவியும். அலுவலரின் கணினியில் தமிழ் விசைப்பலகை இல்லையென்றால் உங்கள் கைபேசியில் நூலகத் தளத்தைத் திறந்து தமிழிலேயே ஒருமுறை தேடிப் பாருங்கள். தமிழ் எழுத்திலும் பதிந்தவை வரும்.

எங்களுக்கெல்லாம் இது பழகிவிட்டது, 'சி'யைத் தேடிக் கை தானாகப் போகிறது. ஆனாலும் ஊர் வாசிகசாலையில் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் "மூண்டாம் தட்டு, இடப்பக்கம்" என்று சொல்லும் மனுசருக்கு எந்த எழுத்துக்கூட்டலும் தேவைப்படவில்லை.

நூலக அட்டையின் ரகசிய இலக்கத்தை வாயால் சொல்ல வேண்டாம். விசைப்பலகையைக் கேட்டு வாங்கி நீங்களே அடியுங்கள். அது புள்ளியாக மறையும், அட்டையின் 14 இலக்கங்கள் அப்படியே நிற்கும். ஆகவே கணக்கிலிருந்து வெளியேறியதைப் பார்த்துவிட்டே நகருங்கள். சில திரைகளில் மறைப்புத் தாள் ஒட்டியிருப்பார்கள்: நேர்முன்னால் நிற்பவருக்குத்தான் எழுத்துத் தெரியும், கூட வந்த மனுசிக்கு வெறும் கறுப்பு. தாள் இல்லாத மேசையில் விவாகரத்துச் சட்டமோ கடன் விவகாரமோ தேடுவதென்றால், முதலில் வரிசையைத் திரும்பிப் பாருங்கள். வேற்று ஆட்கள் ஆறடி தள்ளி நிற்பார்கள். எங்கடை அன்ரி என்றால் தோளுக்கு மேலால், "அது இல்லைத் தம்பி, கீழ இருக்கிறதை அமத்தும்."