தாடை மாறினால் ஜாடை மாறுமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் ஓர் ஆளை அடையாளம் கண்டுகொள்ள இரண்டு கேள்விகள் போதும். எந்தத் தோட்டம்? யார் வீட்டுப் பிள்ளை? எல்ஃபில், ஹீவுட், டோவன்பி என்று தோட்டத்தின் பெயரைச் சொன்னதுமே கேட்ட பெரியவர் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்ப்பார். "அட, மண்டோர் பேரனா நீ? அதான் அந்தத் தாடையே சொல்லுதே" என்பார். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் எனும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்து ஒரு தலைமுறை ஆன பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. கீழ்த்தாடை முன்னால் நீண்டிருப்பது பல குடும்பங்களில் பரம்பரையாக இறங்கி வருவது. அதனால் 'அந்தத் தாடை' என்று ஊர் சொல்வது ஒரு வகையில் வீட்டு முகவரிதான்.

பல்லுக்குக் கம்பி போடும் கிளினிக்கில் வேலை பார்க்கும்போது இதை மறக்கவே முடியாது. தாடை அறுவைக்குப் போகிறவரிடம் மயக்க மருந்து, சாப்பாடு, வாய் கழுவும் முறை, ரப்பர் வளையம் மாட்டும் முறை எல்லாவற்றையும் உட்காரவைத்துச் சொல்கிறோம். ஊர் என்ன சொல்லும் என்பதை மட்டும் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். ஆனால் அறுவை முடிந்து மூன்றாவது, நான்காவது வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கண் கலங்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். வலி என்று சொல்கிறவர் குறைவு. யாரோ ஒருவர் சொன்ன ஒரு வார்த்தையைத்தான் சொல்வார்கள்.

அந்த வார்த்தைகள் அறுவைக்கு ஒரு வருடம் முன்பே தொடங்கிவிடுகின்றன. தாடைகள் பொருந்தாதவருக்குப் பற்கள் தாமாகவே சாய்ந்து அந்தக் குறையைக் கொஞ்சம் மறைத்திருக்கும். கீழ்த்தாடை நீண்டவருக்குக் கீழ்ப்பற்கள் உள்ளே சாய்ந்தும் மேற்பற்கள் வெளியே சாய்ந்தும் நிற்கும். அறுவைக்கு முன்னால் ஏறக்குறைய 12 முதல் 18 மாதம் கம்பி போட்டு, அந்தந்தப் பல்லை அதனதன் எலும்பின்மேல் நேராக நிறுத்த வேண்டும். பல் நேராக நேராக, மறைந்திருந்த இடைவெளி வெளியே வரும். தொடக்கத்தில் கீழ்ப்பல் 3 மி.மீ. முன்னால் இருந்தது என்றால் அறுவைக்கு முந்தைய அளவெடுப்பில் அது 6, 7 மி.மீ. ஆகியிருக்கலாம். தீபாவளிக்கு வந்த சித்தி, "காசைக் கொட்டிக் கம்பி போட்டும் முன்ன விட மோசமால்ல போச்சு" என்பார். சித்தி பார்த்தது சரிதான், காரணம்தான் அவருக்குத் தெரியாது. பாதியிலேயே கம்பியைக் கழற்றச் சொல்லி வருகிறவர்களில் பலரை இந்த ஒரு பேச்சுதான் அனுப்பியிருக்கும். முதல் நாளே பிளாஸ்டிக் அளவுகோலை வைத்து இடைவெளியை அளந்து, கூட வந்த அம்மாவிடமும் காட்டி, "இது இன்னும் கூடும், கூடத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டால் சித்திக்கு அம்மாவே பதில் சொல்லிவிடுவார்.

அறுவையில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். மேல்தாடையைப் பல்வேர்களுக்கு மேலே குறுக்காக அறுத்து நகர்த்துவதற்கு லெ ஃபோர்ட் 1 என்று பெயர். முக எலும்பு எந்தெந்தக் கோடுகளில் முறிகிறது என்று 1901-இல் எழுதிய பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெ ஃபோர்ட்டின் பெயர் அது. கீழ்த்தாடையைக் கடைவாய்ப் பல் பக்கம் இருபுறமும் நெடுக்காக இரண்டு தகடுகளாகப் பிளந்து, ஒன்றின்மேல் ஒன்றைச் சறுக்கி முன்னாலோ பின்னாலோ வைப்பார்கள். இந்த முறையை ட்ராவ்னரும் ஒப்வெகெசரும் 1957-இல் விளக்கி எழுதினார்கள். பிறகு சிறிய டைட்டானியத் தகடும் திருகும் வைத்து எலும்பைப் பிடிக்கவைப்பார்கள். பொதுவாக அதைத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. வேலை பெரும்பாலும் வாய்க்குள்ளேயே முடிந்துவிடும். ஊர் குழம்புவதற்கு இதுதான் முதல் காரணம். கட்டு இல்லை, வெளியே தையல் இல்லை, ஆனால் முகம் வேறாக இருக்கிறது. கால் முறிந்தவருக்கு மாவுக்கட்டே விளக்கம் சொல்லிவிடும். இவருக்கு அப்படி எதுவும் இல்லை.

கீழ்த்தாடை எலும்பு 5 மி.மீ. நகர்ந்தால் மோவாய்த் தோலும் ஏறக்குறைய அதே அளவு நகரும். மேல்தாடையை முன்னால் கொண்டுவந்தால் மேலுதடு அதில் பாதிக்குச் சற்று மேலாகத்தான் வரும், கூடவே மூக்கின் அடிப்பகுதி கொஞ்சம் அகலும். மூக்குத் துவாரங்கள் விரியாமல் இருக்க உள்ளே ஒரு தையல் போடுவார்கள், இருந்தாலும் மாற்றம் தெரியும். "மூக்கையும் பண்ணிட்டியா?" என்ற கேள்வி வருவதற்குக் காரணம் இதுதான். மூக்குக்கென்று தனி அறுவை எதுவும் நடந்திருக்காது. இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவரே கண்ணாடி முன் நின்று பயப்படுவார்.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும். கன்னம் காதுவரை உப்பும், உதடு தடிக்கும், நீலமும் மஞ்சளுமான கன்றல் கழுத்து வழியாக நெஞ்சுவரை இறங்கும். பெரும்பகுதி இரண்டு மூன்று வாரத்தில் வடிந்துவிடும். மிச்சம் போக ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம் ஆகும். ஆனால் பார்க்க வருகிறவர்களின் கூட்டம் முதல் பத்து நாளில்தான் வருகிறது. மைலோ டின்னும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து உட்கார்ந்து, இன்னும் முடியாத ஒரு முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லிவிட்டுப் போகிறார்கள். "ஒரு பக்கம் கோணலா இருக்கே" என்பது அடிக்கடி கேட்கும் தீர்ப்பு. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வடியாது. ஒரு பக்கமாகவே படுத்தாலும் அந்தப் பக்கம் கூடுதலாக உப்பும். இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்தி மல்லாந்து படுப்பது உதவும். பயப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. வடிய வேண்டிய நாளில் ஒரு பக்கம் மட்டும் திரும்ப ஏறி வலிப்பது, காய்ச்சல், வாயில் கெட்ட சுவையோடு நீர் கசிவது, நிற்காத ரத்தம், நேற்றுவரை பொருந்திய கடி (மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதம்) இன்று காலை பொருந்தாமல் போவது. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே அறுவை செய்த ஈப்போ மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும், அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திருக்கக் கூடாது.

வருகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கிறார்கள், அதுதான் அவர்களை அதிகம் கலங்கவைக்கிறது. அறுவை செய்துகொண்டவர் சாப்பிடும் விதம். 50 மில்லி பிடிக்கும் சிரிஞ்சின் முனையில் மெல்லிய ரப்பர் குழாயை மாட்டி, அதைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் செருகி, மெதுவாகத் தள்ள வேண்டும். வடிகட்டிய கேப்பைக் கூழோ பருப்புத் தண்ணீரோ, ஒரு கோப்பை 250 மில்லி என்றால் ஐந்து சிரிஞ்சு. உதட்டில் உணர்ச்சி இல்லாததால் கால்வாசி மோவாய் வழியாக ஒழுகும், ஒழுகுவது அவருக்கே தெரியாது. மடியில் ஒரு துண்டை விரித்து ஒரு கோப்பையை முடிக்க அரை மணி நேரமாகும். கூழ் கெட்டியாக இருந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும், அவசரப்பட்டு அழுத்தினால் புரையேறும். சூட்டை உதட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். இப்படியே இரண்டு வாரம், பிறகு ஆறு வாரம்வரை குழைந்த சோறு. நாலைந்து கிலோ இறங்கிவிடும். கன்னம் உப்பியும் கழுத்து ஒட்டியும் நிற்கும் அந்த வேளையில், "இப்படி ஆகத்தான் ஆப்பரேசன் பண்ணியா?" என்று கேட்டால் யாரால் தாங்க முடியும்? பசியும் தூக்கமின்மையும் சேர்ந்து மனம் தாழ்ந்துகிடக்கும் வாரங்கள் அவை. சாப்பாட்டு நேரத்தில் விருந்தாளிகளை உள்ளே விடாமல் இருப்பது நல்லது. வீட்டுக்காரர் இதைக் கூச்சப்படாமல் சொல்லலாம்.

திருமணமான பெண்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. கன்னத்தில் கன்றலோடு ஒட்டுக்கடைக்கோ பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தைக்கோ போனால் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், ஆனால் கூட வரும் கணவரைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். அறுவை அன்றே பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி வைப்பது மிகப் பெரிய உதவி. ஒருவருக்குத் தெரிந்தால் நான்கு வீட்டுக்குத் தெரியும். மறைத்து வைத்த அறுவைக்குத்தான் ஊர் தானாக ஒரு கதை கட்டுகிறது.

வேலைக்குத் திரும்பும்போது வருவது வேறு மாதிரி. மேசை வேலை என்றால் மூன்று நான்கு வாரத்தில் போகலாம். செம்பனைக் குலை வெட்டுவது, லோரியில் ஏற்றுவது போன்ற வேலைக்கு ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும், எலும்பு கூடுவதற்கு அவ்வளவு நாள் ஆகும். 1955 வேலைச் சட்டப்படி சாதாரண எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, வேலையில் சேர்ந்து 2 வருடத்துக்குள் 14 நாள், 2 முதல் 5 வருடம்வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள். மருத்துவமனையில் தங்க வேண்டிய நோய்க்கான 60 நாள் தனி, 2023 தொடக்கத்திலிருந்து அது இந்த எம்சியோடு சேர்த்துக் கணக்கிடப்படுவதில்லை. இது தெரியாமல் வருட விடுப்பைப் போட்டு, அது தீர்ந்ததும் வீக்கத்தோடே பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) போய் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

திரும்பிய பிறகு வரும் பெரிய தப்பெண்ணம் சிரிப்பைப் பற்றியது. மேலுதட்டைத் தூக்கும் தசைகளை ஒதுக்கித்தான் எலும்பைத் தொட முடியும். அவை இறுகிக் கிடக்கும். கீழுதட்டுக்குப் போகும் நரம்பு பிளந்த எலும்பின் உள்ளேயே ஓடுவதால் மரத்துப்போகும். பலருக்கு மாதங்களில் திரும்பும், சிலருக்கு ஒரு பகுதி திரும்பாமலே நிற்கும். இரண்டு மாதமாவது முழுச் சிரிப்பு வராது. அவர் சிரித்துக்கொண்டுதான் இருப்பார், முகத்தில் வராது. "முகம் மாறினதும் மண்டைக்கனம் வந்துருச்சு, பாத்தும் பாக்காத மாதிரி போறா" என்ற பேச்சு இப்படித்தான் பிறக்கிறது. கையைத் தூக்கி ஒரு வணக்கம், தலையாட்டல், "சிரிக்க வரல அண்ணே, நரம்பு மரத்திருக்கு" என்று ஒரு வரி. இதைப் போகும் முன்பே சொல்லிப் பழகியிருந்தால் பிழைத்தார். கண்ணாடி முன்னால் உதட்டைக் குவித்து, விரித்து, ஒரு நாளைக்கு நான்கைந்து முறை பயிற்சி செய்யலாம், எப்போது தொடங்குவது என்பதை அறுவை செய்த மருத்துவர் சொல்ல வேண்டும்.

மைகாட் அடையாள அட்டையில் உள்ள படத்தை அவசரப்பட்டு மாற்றத் தேவையில்லை. வீக்கம் முழுதும் வடியாமல் எடுத்தால் அடுத்த வருடம் அந்தப் படமும் ஒத்துவராது. அதுவரை மருத்துவமனைக் கடிதத்தின் நகலைக் கைப்பையில் வைத்திருக்கலாம். பேங்கில் பெருவிரல் ரேகை இருக்கிறது, அது மாறவில்லை.

பாராட்டிலும் காயம் உண்டு. "இப்பதான் பாக்குற மாதிரி இருக்க" என்று சொல்கிறவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். கேட்கிறவருக்கு இருபது வருடம் சுமந்த முகத்தை யாரோ தூக்கி எறிந்த மாதிரி இருக்கும். "நல்லாத் தேறிட்ட, சாப்பிட முடியுதா?" என்று கேட்பது போதும். பெரும்பாலோர் இந்த அறுவைக்கு வந்ததே கடிக்கவும் மெல்லவும் முடியாமல்தான். மீ கோரெங் எனும் வறுத்த நூடுல்ஸை முன்பல்லால் முதல்முறை கடித்து அறுத்ததைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வரும் வெளிச்சத்தை, அழகைப் பற்றிப் பேசும்போது பார்க்க முடியாது.

கடைசியில் மிஞ்சுவது அப்பாவும் பாட்டியும். மற்றவர்கள் மூன்று மாதத்தில் பழகிவிடுவார்கள், பழைய முகத்தை நினைவில் தேடினாலும் கிடைக்காது. அதே தாடை உள்ள அப்பாவுக்கு அப்படி இல்லை. மகன் தாடையை மாற்றிக்கொண்டது தன்னை வேண்டாம் என்றதாக உள்ளுக்குள் படும், வாயால் சொல்ல மாட்டார். அவரை முதல் சந்திப்புக்கே அழைத்து வரச் சொல்ல வேண்டும். அவருடைய கடியையும் கேட்டுப் பார்க்கலாம், எத்தனை வருடமாக ஒரு பக்கமாகவே மென்று வருகிறார் என்பது அப்போது தெரியும்.

பதிவுக்காக எடுக்கும் பக்கவாட்டுப் படத்தில் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொடுத்துவிடுவது நல்லது. கண்ணாடி தன் பக்கவாட்டை ஒருவருக்குக் காட்டுவதே இல்லை. ஊர்தான் அதை நாள் முழுதும் பார்த்தது, அதனால்தான் ஊருக்கு அது அவ்வளவு அதிர்ச்சி. பாட்டி வந்தால் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டுக் காட்டலாம். நெற்றி, முடிக்கோடு, புருவம், கண், காது, எதையும் யாரும் தொடவில்லை. பெரும்பாலான பாட்டிகள் படத்தை விட்டுவிட்டுப் பேரனின் காதைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார்கள். "காது தாத்தாவோடதுதான்" என்பார்கள்.