75 எங்கே போனது?

அக்டோபர் 12, 2024, சனி

விஜயதசமி. கூடத்தில் அக்காவின் மகள் அரிசியில் 'அ' எழுதப் பழகிக்கொண்டிருந்தாள். நான் உள்ளறையில் லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் 12.2 கையேட்டைத் திறந்தேன். இயங்குதளம் முழுவதையும் மூலநிரலிலிருந்து நாமே கட்டும் இந்த வழியை 1999இல் தொடங்கியவர் கெரார்டு பீக்மன்ஸ். முதல் வேலை பின்யுட்டில்ஸ், அதாவது நிரல் துண்டுகளை இணைக்கும் கருவிகள். அதைத் தொகுக்க, அதாவது மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்ற, ஆகும் நேரமே மற்றவற்றுக்கெல்லாம் அளவுகோல். என் பழைய மடிக்கணினிக்கு நான்கு நிமிடம் பிடித்தது.

அக்டோபர் 13

மூலநிரலைத் தொகுத்துத் தரும் ஜிசிசிக்கு ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற மூன்று கணித நிரலகங்களும் (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுதிகள்) வேண்டும். புதிய அமைப்பிலோ இன்னும் ஒன்றுமே இல்லை. மூன்றின் மூலநிரலையும் ஜிசிசியின் அடைவுக்குள்ளேயே விரித்து வைத்தால், தன்னோடு சேர்த்துத் தொகுத்துக்கொள்கிறது. கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு கிளம்பும் ஆள்.

அக்டோபர் 27

அடிப்படை அமைப்பு எழுந்துவிட்டது. இன்று எழுத்துருக்கள். எழுத்துருவைத் திரையில் வரையும் ஃப்ரீடைப்புக்கு, எழுத்துகளைச் சரியான வடிவில் கோக்கும் ஹார்ஃப்பஸ் இருந்தால் நல்லது. ஹார்ஃப்பஸுக்கோ ஃப்ரீடைப் வேண்டும். விதை முந்தியா, மரம் முந்தியா? ஹார்ஃப்பஸ் இல்லாமல் ஃப்ரீடைப்பை ஒருமுறை தொகுத்து, ஹார்ஃப்பஸைக் கட்டி, மறுபடி ஃப்ரீடைப். இங்கே எது எதைச் சார்ந்தது என்று கணக்கு வைத்துக்கொள்ளும் தொகுப்பு மேலாளர் கிடையாது. அந்தக் குமாஸ்தா வேலையும் என் தலையில்தான். ஒரு நோட்டுப் போட்டு மூன்று வரி எழுதினேன்.

நவம்பர் 9

யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியு நிரலகத்தை 75.1இலிருந்து 76.1க்கு உயர்த்தினேன். நிறுவியபோது பழைய 75 கோப்புகள் அப்படியே கிடந்தன. குப்பை என்று நினைத்து அழித்தேன். அடுத்த நிமிடம், எக்ஸ்எம்எல் கோப்புகளைச் சரிபார்க்கும் எக்ஸ்எம்எல்லின்ட் எழ மறுத்தது. ஒரு நிரலுக்கு எந்த நிரலகங்கள் வேண்டும் என்று காட்டும் எல்டிடி கட்டளை கொடுத்தால், ஐசியு 75 'காணவில்லை' என்கிறது. புத்தி இருக்கிறவன் பழையதை இரண்டு நாளாவது விட்டுவைத்திருப்பான்.

75 என்ற பெயரில் 76க்கு ஒரு இணைப்புக் கோப்பு போட்டு ஏமாற்றலாமா என்று சபலம். முதலில், எக்ஸ்எம்எல்லின்ட் சார்ந்திருக்கும் லிப்எக்ஸ்எம்எல்2 நிரலகம் வெளியிலிருந்து எதிர்பார்க்கும் குறியீடுகளை (செயற்கூறுகளின் பெயர்களை) என்எம் என்ற கருவி கொண்டு பார்த்தேன்: 'யுசிஎன்வி_ஓபன்_75'. ஐசியு ஒவ்வொரு செயற்கூற்றின் பெயரின் வாலிலும் தன் பதிப்பு எண்ணை ஒட்டிவிடுகிறது. கோப்புப் பெயரை மாற்றி நிரலை எழுப்பினாலும், அந்த இடத்துக்கு வந்ததும் கவிழும். ஆளை மாற்றி நிறுத்தினால் குரலிலேயே காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு.

நவம்பர் 10

75.1ஐயே மறுபடி தொகுத்து, அதன் நிரலகக் கோப்புகளை மட்டும் பழைய இடத்தில் வைத்தேன். மூச்சு வந்தது. பிறகு ஒவ்வொரு நிரலையும் நிரலகத்தையும் ரீட்எல்ஃப் என்ற கருவி கொண்டு துழாவி, 75ஐ நேரடியாகக் கேட்பவை எவை என்று பட்டியல் எடுத்தேன்: லிப்எக்ஸ்எம்எல்2, ஹார்ஃப்பஸ், பூஸ்ட், க்யூடி. இந்த நான்கையும் நோட்டில் எழுதியிருந்தால் நேற்றைய இரவு தூங்கியிருப்பேன். அதில் ஃப்ரீடைப் கதையைத் தாண்டி ஒரு வரி இல்லை.

எக்ஸ்எம்எல்லை வேறு வடிவங்களுக்கு மாற்றும் லிப்எக்ஸ்எஸ்எல்டி பட்டியலில் இல்லாதது முதலில் புதிராக இருந்தது. அது சார்ந்திருப்பது லிப்எக்ஸ்எம்எல்2ஐ. லிப்எக்ஸ்எம்எல்2ஐ மற்ற நிரல்கள் தேடும் இணைப்புப் பெயர் மாறவில்லை. ஆகவே லிப்எக்ஸ்எஸ்எல்டியைத் தொட வேண்டியதில்லை.

பட்டியலில் உள்ள நான்கையும் 76ஐக் கேட்கும்படி மறுபடி தொகுக்கத் தொடங்கினேன். மூன்று முடிந்தன. க்யூடி இரவு பதினொரு மணிக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. விசிறிச் சத்தம் தாங்காமல் அம்மா என் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.