மழை விட்ட நாலாம் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே கோல் யார்டில், நிலக்கரியைக் குவித்து வைக்கும் களத்தில், போட்டார்கள். கடலோர அனல்மின் நிலையம். ஒரு பக்கம் ஒடிசாவிலிருந்து வரும் கரி, மறுபக்கம் இந்தோனேசியக் கரி. ஒடிசா கரியில் சாம்பல் அதிகம். பாய்லர்காரர்கள் திட்டுவார்கள், யார்டில் அவ்வளவாக வம்பு செய்யாது. இந்தோனேசியக் கரி இளசு. ஈரமே 30 சதவீதத்தைத் தாண்டும். தானாகப் பற்றிக்கொள்வதில் அதுதான் முந்தும்.

கத்திரி வெயிலில்தான் கரி புகையும் என்று நினைத்திருந்தேன். அந்தக் கோடையில் ஒன்றும் நடக்கவில்லை. ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழை, பிறகு சுள்ளென்று வெயில். நாலாம் நாள் காலை ஷிப்டில் போனால், பெரிய கட்டிகள் உருண்டு தங்கும் குவியலின் அடிவாரத்தில் ஆவி கிளம்புகிறது. மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. சுற்றிலும் கரி வியர்த்திருந்தது.

ஹோஸை இழுக்கச் சொன்னேன். குவியலைத் தள்ளி இறுக்கும் டோசரை ஓட்டும் அண்ணன் இறங்கி வந்து, "சார், தண்ணி அடிக்காதீங்க" என்றார். பக்கத்தில் நின்ற ஹெல்ப்பர் பையன் சிரித்துவிட்டான். எனக்குச் சுருக்கென்றது. அரை மணி நேரம் பீய்ச்ச வைத்தேன். ஆவி அடங்கியது. டீ குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் பத்தடி தள்ளி இரண்டு இடத்தில் புகை.

பீய்ச்சிய தண்ணீர் உள்ளே இறங்கவே இல்லை. மேலாக ஓடை பறித்து, பொடியை அரித்துக்கொண்டு போய், காற்றுக்கு வாசல் திறந்துவிட்டிருந்தது. லோடரை விட்டு வெட்டினோம். கையளவு ஆழத்தில் கரி ஈரமாகவே இருந்தது; ஒரு மீட்டர் உள்ளே செக்கச்செவேல் என்று கங்கு. அதன்மேல் அண்ணன் தண்ணீர் விடவில்லை. கனன்ற கரியில் நீராவி பட்டால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கிளம்பும், இரண்டுமே எரியும். அள்ளி, தரையில் மெல்லிசாகப் பரப்பி, ஆறவிட்டு, அப்புறம்தான் நனைத்தார்.

மழை செய்ததும் இதே வேலைதான் என்பது பிறகு புரிந்தது. காய்ந்த கரி ஈரத்தை உறிஞ்சும்போதே கொஞ்சம் சூடாகும். சுண்ணாம்பைப் போலக் கொதிக்காது. ஆனால் குவியலின் வயிற்றுக்குள் அந்தச் சூடு வெளியேற வழி கிடையாது. நன்றாக ஊறியிருக்கும்வரை பயமில்லை. நுண்துளைகளை நீர் அடைத்திருக்கும், பிறக்கும் சூடும் ஆவியாவதில் செலவாகும். வம்பு, காயும்போது. காயக் காயக் கட்டி வெடித்துப் பொரிகிறது. வெடித்த ஒவ்வொரு முகமும் ஆக்சிஜனுக்குப் புதுசு. 70, 80 டிகிரி ஏறிவிட்டால் அப்புறம் அது நம் பேச்சைக் கேட்காது.

இப்போதெல்லாம் மழை விட்டதும் முதல் வேலை, டோசரை ஏற்றி இறுக்கி ஓடைகளை மூடுவது. பழைய கரியை முதலில் பாய்லருக்குக் கரி ஊட்டும் பங்கருக்கு அனுப்பிவிடுவோம். தெர்மல் கேமரா வந்துவிட்டது. இருந்தாலும் மூன்றாம் நாளிலிருந்து அடிவாரத்தை ஒரு சுற்று மோப்பம் பிடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

அந்த ஹெல்ப்பர் பையன்தான் இப்போது டோசர் ஓட்டுகிறான். புது இன்ஜினியர் யாராவது ஹோஸைத் தேடினால், என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரிப்பான்.